கலையில் தனிமை

படத்தில் ஒரே ஆள் இருந்தால் அது தனிமையைச் சொல்லும் படம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஜெர்மானியக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514ஆம் ஆண்டில் செய்த இரண்டு செப்புத்தகட்டுச் செதுக்கோவியங்கள் இந்த எண்ணத்தை அப்போதே பொய்யாக்கிவிட்டன. ஒன்றில் புனித ஜெரோம் தம் அறையில் அமர்ந்து எழுதுகிறார். உடன் வேறு மனிதர் இல்லை; சிங்கமும் நாயும் உறங்குகின்றன; சன்னல் வழியே வெயில் விழுகிறது. அவருக்காக யாரும் இரங்கப் போவதில்லை. 'மெலன்கோலியா' என்று பெயர் பெற்ற மற்றதில் சிறகுள்ள ஒரு பெண்ணுருவம் கன்னத்தில் கையூன்றி எங்கோ வெறித்திருக்கிறது. பக்கத்திலேயே சிறகு முளைத்த ஒரு குழந்தை இருக்கிறது, நாய் இருக்கிறது. ஆனாலும் தனிமை இந்த இரண்டாவது படத்தில்தான் கனக்கிறது. ஜெரோம் விவிலியத்தை மொழிபெயர்த்தவர். அவர் எழுதுவதைப் படிக்க எங்கோ ஆட்கள் உண்டு. சிறகுள்ளவள் வாய் திறந்தால் கேட்பதற்கு யாரும் இல்லை. ஓவியத்திலும் ஒளிப்படத்திலும் இலக்கியத்திலும் தனிமை எப்படி மாறிவந்தது என்பதை இந்தக் கேட்பவரைக் கொண்டே அளக்கலாம். முதலில் பிரிந்து போனவர் காதலர் மட்டுமே. கேட்பவர் கூடவே இருந்தார். காலப்போக்கில் கேட்பவரும் மறைந்தார். இக்கட்டுரை பின்தொடர்வது அந்த மறைவைத்தான்.

கேட்பவர் கூடவே இருந்த நிலைக்குச் சங்க அகப்பாடல்களைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பாலைக்குப் பிரிவு, முல்லைக்குக் காத்திருப்பு, நெய்தலுக்கு இரங்கல் என்று ஐந்து திணைகளில் மூன்றைத் துணையில்லாத நேரத்துக்கே ஒதுக்கிய மரபு அது. குறுந்தொகையின் ஆறாம் பாடலில் பதுமனாரின் தலைவி நள்ளிரவில் உலகமெல்லாம் உறங்கத் தான் மட்டும் விழித்திருக்கிறாள். இருபத்தெட்டாம் பாடலில் ஔவையாரின் தலைவி, தன் நோயை அறியாமல் ஊர் தூங்குகிறதே என்று ஊர்மேலேயே சினம் கொள்கிறாள். இரண்டையும் படிக்கும் இன்றைய நகரவாசி, நடுநிசியில் அடுக்குமாடி வீட்டின் அணைந்த சன்னல்களைப் பார்த்தபடி நிற்பவர்களின் கூட்டத்தில் இந்தப் பெண்களையும் சேர்த்துக்கொள்வார். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அகப்பாடல் ஒவ்வொன்றும் யாரையோ நோக்கிய பேச்சு. பெரும்பாலும் தோழி கேட்கிறாள். இல்லாவிட்டால் செவிலி, பாணன், தன் நெஞ்சு, நிலவு, பறவை என்று யாரோ ஒருவர் கேட்கிறார். அம்மூவனாரின் பாடலில் (குறுந்தொகை 163) கடலே கேட்பவராகிறது. இரவெல்லாம் ஒலிக்கும் அதையும் தன்னைப்போலவே யாரோ வருத்தியிருக்க வேண்டும் என்று தலைவி விசாரிக்கிறாள். இந்த உலகத்தில் காதலன் இல்லாமல் போகலாம்; செவி இல்லாமல் போவதில்லை.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். இவை மரபின்படி கட்டப்பட்ட பாடல்கள், கவிஞரின் சொந்த அனுபவம் அல்ல, ஆகவே உணர்வுக்குச் சான்றாகா என்பது ஒன்று. அது வலுவற்ற மறுப்பு. ஓர் உணர்வுக்குத் திணையும் துறையும் வகுக்கும் அளவுக்கு ஒரு சமூகம் அதைக் கூர்ந்து கவனித்திருக்கிறது என்பதைத்தான் மரபு காட்டுகிறது. மற்ற மறுப்பு கனமானது. தனிமை என்று இன்று நாம் அஞ்சும் உணர்வு ஏறத்தாழ 1800க்குப் பிறகு, தொழிற்புரட்சியும் தனிமனித வாதமும் சமய நம்பிக்கையின் தளர்வும் சேர்ந்து உருவாக்கிய ஒன்று எனப் பிரித்தானிய வரலாற்றாசிரியர் ஃபே பவுண்ட் ஆல்பர்ட்டி 2019இல் வெளிவந்த தம் நூலில் வாதிடுகிறார். ஔவையாரின் பாடலை முன்னால் வைத்துக்கொண்டு இதை முழுதாக ஏற்க முடியாது. அதே வேளையில் முழுதாகத் தள்ளவும் முடியாது. ஊர் உறங்கும் வேளையில் விழித்திருக்கும் வலி பழையது. அதைச் சொல்ல ஆளில்லாத நிலைதான் புதியது. ஆல்பர்ட்டி குறிக்கும் எல்லைக்கோடு இந்த இரண்டாவது நிலைக்குப் பொருந்துகிறது.

காளிதாசரின் 'மேகதூத'த்திலும் இதே பழைய அமைப்புத்தான்: இராமகிரியில் தவிக்கும் யட்சனுக்குச் செய்தி கொண்டுபோக ஒரு மேகமாவது கிடைக்கிறது. பஹாடிச் சிற்றோவியங்களில் காதலனைப் பிரிந்த நாயகியின் அருகே சகி, அதாவது தோழி, நிற்பாள். சகி இல்லாத படங்களில் மானோ மயிலோ பூத்த மரமோ அந்த இடத்தை நிரப்பும். வெற்றிடத்தை அப்படியே விட்டுவைக்கும் துணிவு இந்த மரபுகளுக்கு இல்லை. அதற்கான தேவையும் இல்லை.

அந்த வெற்றிடம் முழு அளவில் வந்தது 1810இல், பெர்லின் அகாதெமிக் கண்காட்சியில். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் 'கடலோரத் துறவி' ஏறத்தாழ 110 செ.மீ. உயரமும் 171 செ.மீ. அகலமும் கொண்டது, அதில் மிகப் பெரும்பகுதி வெறும் வானம். கீழே கறுத்த கடல், வெளிறிய மணல், நமக்கு முதுகு காட்டி நிற்கும் துறவியின் விரலளவு உருவம். அகச்சிவப்புக் கதிர்களால் ஆராய்ந்தபோது, கடலில் முதலில் கப்பல்களை வரைந்திருந்த ஓவியர் பிறகு அவற்றை மூடிவிட்டார் என்று தெரியவந்தது. தனிமை கலைஞரின் செய்நேர்த்தியால் உண்டாவது என்பதற்கு இதைவிட நேரான ஆவணம் வேண்டியதில்லை. கப்பல் என்றால் வருபவரோ போகிறவரோ யாராவது உண்டு. அதை அழித்ததும் பதிலுக்கான வழி அடைபட்டுவிடுகிறது. அம்மூவனாரின் தலைவிக்கு உறவாக ஒலித்த கடல், இந்தத் துறவிக்கு ஒன்றும் சொல்வதில்லை.

இதற்குப் பின் இலக்கியத்தில் கடற்கரையின் இடத்தை நகரம் பிடித்துக்கொண்டது. எட்கர் ஆலன் போ 1840இல் எழுதிய 'கூட்டத்து மனிதன்' கதையில், கூட்டத்தை விட்டு விலகவே அஞ்சும் கிழவன் ஒருவன் லண்டன் தெருக்களில் இரவு முழுதும் சுற்றுகிறான், யாரோடும் பேசுவதில்லை. ஹெர்மன் மெல்வில்லின் 'பார்ட்டில்பி' (1853) இன்னும் ஆழமாகப் போகிறது. வால் ஸ்ட்ரீட் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் ஆவணங்களைப் பிரதியெடுக்கும் எழுத்தர் அவன். அவன் சன்னலுக்கு எதிரே சுவர். முதலாளி இரக்கமுள்ளவர், கேட்கத் தயாராகவே இருக்கிறார். பார்ட்டில்பி சொல்லத்தான் மறுக்கிறான். கதையின் கடைசியில் ஒரு வதந்தி வருகிறது: அவன் முன்பு வாஷிங்டனில், உரியவரைச் சேராத கடிதங்களைக் கையாளும் அஞ்சல் பிரிவில் வேலை செய்தவனாம். கேட்பவரை இழந்த சொற்களின் கிடங்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தனிமையைப் பற்றிக் கண்டுகொண்டதையெல்லாம் மெல்வில் அந்த ஒரு தகவலில் வைத்துவிட்டார் என்றே சொல்லலாம்.

ஒளிப்படக் கலை பிறந்ததும் இந்த ஆண்டுகளில்தான். அதன் பிறப்பிலேயே ஒரு முரண் இருக்கிறது. லூயி டாகேர் 1838இல் பாரிஸின் புல்வார் து தாம்ப்ல் சாலையைத் தம் மாடியிலிருந்து படம் எடுத்தார். ஒளி பதியச் சில நிமிடங்கள் ஆயின. ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் நடந்தவர்களும் தகட்டில் தடமே பதிக்காமல் போக, காலணிக்கு மெருகிட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். ஒளிப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களுள் ஒருவராக அறியப்படும் அவர், ஆளரவமற்ற மாநகரில் ஒற்றையாக நிற்பதாகத் தெரிகிறது. உண்மையில் அவரைச் சுற்றி நெரிசல். காலடியிலேயே மெருகிடும் தொழிலாளி. தனிமை கருவியின் வேகக் குறைவால் வந்தது. ஆகவே படங்களில் நாம் காணும் தனிமை பெரும்பாலும் பார்ப்பவர் ஏற்றிச் சொல்வதே என்ற வாதத்துக்கு இந்தப் படம் நல்ல ஆயுதம்.

அந்த வாதத்தைப் பாதி ஏற்கத்தான் வேண்டும். தம் படங்களில் தனிமை என்ற பேச்சு அளவுக்கு மீறிப் போகிறது என்று அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரே (1882–1967) குறைப்பட்டுக்கொண்டார். மாநகரின் தனிமையைத் தம்மை அறியாமலே வரைந்திருக்கலாம் என்று 'நைட்ஹாக்ஸ்' பற்றி ஒப்புக்கொண்டவரும் அவர்தான். ஓவியரின் வாக்குமூலம் இரண்டு பக்கமும் சாயும்போது, ஓவியத்தைத்தான் கேட்க வேண்டும். 1942இல் வரையப்பட்ட அதில் இரவு உணவகத்துக்குள் நான்கு பேர்: பரிமாறுபவர், அருகருகே ஓர் ஆணும் பெண்ணும், முதுகு காட்டி ஒருவர். யார் பேச்சும் யாரையும் சேரவில்லை. வளைந்த பெரிய கண்ணாடி. தெருவிலிருந்து உள்ளே போக வாசல் எதுவும் வரையப்படவில்லை. நாம் வெளியே இருட்டில் நிற்கிறோம். இவை பார்ப்பவரின் மனநிலையைப் பொறுத்தவை அல்ல. கித்தானில் வண்ணத்தால் செய்யப்பட்டவை. துக்கமே இல்லாத ஒருவரும் அந்த வாசலைத் தேடிப்பார்த்து இல்லையென்று காணலாம். பிரெஞ்சு ஓவியர் தேகாவின் 'அப்சிந்த்' (1875–76) மேசையிலும், நார்வே ஓவியர் மூங்க்கின் 'தனித்தவர்கள்' அச்சோவியத்திலும் இத்தகைய திட்டமிட்ட துண்டிப்பு உண்டு. கரையில் நிற்கும் ஆணையும் பெண்ணையும் காட்டும் அந்த 1899ஆம் ஆண்டு மரச்செதுக்குக்காக, மூங்க் மரப்பலகையையே அறுத்துத் துண்டுகளாக்கித் தனித்தனியே மை தடவினார். கருப்பொருள் கருவிக்குள்ளேயே இறங்கிவிட்டது.

ஒளிப்படத்தில் இத்தகைய செய்நேர்த்தி படம் பிடிக்கும் கணத்தைவிடப் பிறகு நடக்கும் தேர்வில் வெளிப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃபிராங்க், 1955இல் கூகன்ஹைம் நல்கை பெற்று அமெரிக்காவெங்கும் சுற்றி 27,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றில் 83 மட்டுமே 'தி அமெரிக்கன்ஸ்' நூலாயின (பாரிஸ் 1958, நியூயார்க் 1959). அதே 1955இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 68 நாடுகளிலிருந்து 503 படங்களைத் திரட்டி 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சியை நடத்தியது. உலகமே ஒரு வீடு என்பது அதன் செய்தி. அதிலும் ஃபிராங்க்கின் படங்கள் இருந்தன என்பது பலருக்கும் நினைவிருப்பதில்லை. ஒரே கண் எடுத்த படங்கள் ஒரு வரிசையில் உறவைச் சொல்கின்றன, வேறொரு வரிசையில் அந்நியத்தை. ஆகவே ஒற்றை ஒளிப்படத்தைக் காட்டி அதில் இருப்பவர் தனிமையில் வாடினார் என்று தீர்ப்புச் சொல்வது முறையன்று. சிகாகோவில் குழந்தை பராமரிப்புப் பணி செய்தபடியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டு, பெரும்பாலும் யாருக்கும் காட்டாமல் 2009இல் இறந்த விவியன் மேயரைத் தனிமையின் திருவுருவாக்கும் எழுத்துகள் பெருகியுள்ளன. அவர் படங்களோ தெருவில் எதிர்ப்பட்ட முகங்களோடு நடந்த சந்திப்புகளால் நிறைந்தவை. வாழ்க்கைக் குறிப்பைப் படத்தின்மேல் ஒட்டும் பழக்கம் விமர்சனத்துக்கு மாற்றாகாது.

இந்தியாவில் கேட்பவர் மறையும் இந்த மாற்றம் வீட்டுக்குள் நிகழ்ந்தது. தாகூரின் 'நஷ்டநீட்' (1901) குறுநாவலைச் சத்யஜித் ராய் 1964இல் 'சாருலதா'வாக எடுத்தபோது, தொடக்கக் காட்சியில் சாரு கையில் ஒரு சிறு தொலைநோக்கியுடன் சன்னலுக்குச் சன்னல் ஓடித் தெருவைப் பார்க்கிறாள். பிறகு புத்தகத்தில் மூழ்கித் தன்னைக் கடந்து போகும் கணவனையும் அதே கருவியால்தான் பார்க்க நேர்கிறது. கேட்க வேண்டியவர் எட்டும் தூரத்திலேயே இருந்தும் கேட்கவில்லை. தமிழில் இதன் எல்லைக்குப் போனவர் நகுலன் (1921–2007). திருவனந்தபுரத்தில் வாழ்ந்த அவர் 'நினைவுப் பாதை' முதலான படைப்புகளில் சுசீலா என்ற பெண்ணை மீண்டும் மீண்டும் அழைக்கிறார். சங்கத் தலைவிக்குத் தோழி இயல்பாகவே வாய்த்தாள். நகுலன் தோழியைப் படைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிரிந்தவளும் கேட்பவளும் ஒருத்தியே ஆகிவிட்டதால், பேச்சுக்கு முடிவும் இல்லை, பதிலும் இல்லை.

எந்தப் படைப்புக்கும் வாசகரோ பார்வையாளரோ உண்டுதானே, பிறகு கேட்பவர் மறைந்தார் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். இந்தக் கேள்வி வாதத்தை முறிக்கவில்லை. அதன் விளைவைச் சுட்டுகிறது. தோழி நின்ற இடத்தில் நவீனக் கலை நம்மை நிறுத்துகிறது. ஆனால் தோழி ஆறுதல் சொல்லலாம், தூது போகலாம், தலைவனைக் கடிந்துகொள்ளலாம். நமக்கு அந்த வசதிகள் இல்லை. ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் மசஹிசா ஃபுகாசே, மனைவியைப் பிரிந்த 1976இல் தம் சொந்த மண்ணான ஹொக்கைடோவுக்குப் போகும் வழியில் காகங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். அவை 1986இல் 'காகங்கள்' என்ற நூலாயின. நிலமும் பறவையும் ஒருவரின் பிரிவைச் சுமப்பது சங்கக் கருப்பொருள் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும் உத்தி. வேறுபாடு ஒன்றுதான்: அந்தக் குறிப்பை விளங்கிக்கொள்ளும் ஆள் நூலுக்குள் எங்கும் இல்லை.

இங்கே பேசப்பட்ட படைப்புகளில் 'கடலோரத் துறவி' பெர்லினிலும் 'நைட்ஹாக்ஸ்' சிகாகோவிலும் உள்ளன. இவற்றுக்கு இணையாக வைக்கத்தக்க இந்திய ஓவியம் அம்ரிதா ஷேர்கில் 1935இல் வரைந்த 'மூன்று பெண்கள்'. நெருங்கி அமர்ந்தும் ஒருவரையொருவர் பாராத மூவர் அதில் இருக்கிறார்கள். அது புது டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. அச்சில் அதைப் பார்த்தவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.