ஊதுபத்தியில் இருக்கும் ஊத்

மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலையில் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, எந்தப் பெட்டிக்கடையிலும் “ஊதுபத்தி ஒரு பாக்கெட்” என்று கேட்டால் கிடைத்துவிடும். பூவும் கற்பூரமும் போல அது வீட்டுச் சொல். அதன் முன்பாதியான ‘ஊது’ அரபு நாட்டிலிருந்து வந்தது என்றால் நம்புவது கடினம். அரபு இசையின் தலையாய நரம்புக் கருவிக்கும் அதே பெயர்தான் என்றால் இன்னும் கடினம்.

‘ஊது’ என்பது நமக்கு நல்ல தமிழ் வினை. குழல் ஊதுகிறோம், அடுப்பை ஊதுகிறோம். ஆகவே ஏற்றிய சுடரை ஊதி அணைத்துப் புகையவிடுவதால் ஊதுபத்தி என்று விளக்கம் சொல்லிவிடுகிறோம். பூஜை அறையில் ஒரு குழந்தை அப்படி ஊதிப் பார்க்கட்டும், பாட்டி விடமாட்டார். எச்சில் காற்று சாமிக்குப் படக்கூடாது, கையை வீசித்தான் அணைக்க வேண்டும். செய்யக்கூடாத செயலை வைத்தா அந்தப் பொருளுக்குப் பெயர் வந்திருக்கும்?

கன்னடத்தில் அது ஊதுபத்தி, தெலுங்கில் ஊதுபத்தி, மராத்தியில் உதபத்தி, தக்காணத்து உருதுவில் ஊத்பத்தி. ‘ஊத்’ என்ற அரபுச் சொல் பாரசீகம், உருது வழியாகத் தெற்கே இறங்கியது. சொல்லின் முடிவில் நிற்கும் அரபு, பாரசீக ‘த்’ தமிழில் உகரம் பெறும். ரசீத் ரசீது ஆனது, கைத் கைது ஆனது, தாக்கீத் தாக்கீது ஆனது. ஊத் ஊது ஆனதும் அதே வழியில். அரபியில் இச்சொல்லின் முதல் எழுத்து தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ‘ஐன்’. அமல், அத்தர் போன்ற சொற்களில் அந்த ஒலி தமிழ் நாவில் கரைந்துபோனது போலவே இங்கும் கரைந்துவிட்டது. பின்பாதியான பத்தி, திரியைக் குறிக்கும் ‘வர்த்தி’யிலிருந்து வந்தது, மெழுகுவத்தியிலும் வத்திக்குச்சியிலும் இருப்பது அதுதான். பக்திக்கும் அதற்கும் உறவில்லை.

அரபியில் ஊத் என்றால் மரம், குச்சி, கழி. மரங்களிலெல்லாம் விலை உயர்ந்த நறுமண மரத்துக்கு அந்தப் பொதுப்பெயரே சிறப்புப் பெயராக நின்றது. அது நம் அகில். அகில் மரம் முழுவதும் மணப்பதில்லை. காயம்பட்ட இடத்தில் பூஞ்சை தொற்றி, அதைத் தடுக்க மரம் சுரக்கும் பிசின் வைரத்தில் ஊறிக் கறுக்கும்போதுதான் மணம் பிறக்கிறது. பிசின் மிகுந்த கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும். அசாமில் இன்றும் இந்த மரத்தை வளர்த்து வளைகுடாவுக்கு அனுப்புகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவரும் ‘ஊத்’ என்ற அத்தரும் இதன் எண்ணெய்தான். பழைய ஊதுவும் புதிய ஊத்தும் இப்போது நம் ஊர்களில் அக்கம்பக்கமாக இருக்கின்றன.

அகில் தமிழுக்கு மிகப் பழைய சொல். பட்டினப்பாலை புகார்த் துறைமுகத்துச் சரக்குகளைச் சொல்லும்போது சந்தனத்தையும் அகிலையும் மேற்கு மலையில் பிறந்தவை என்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் அகில் கீழ்க்காற்றோடு கப்பலேறி மதுரைக்கு வருகிறது. இரண்டு நூலும் இரண்டு திசையைக் காட்டுவதில் எனக்கு முரண் தெரியவில்லை. கிருஷ்ணன்கோவிலுக்கு மேற்கே வேலியாக நிற்கும் அதே மலைத்தொடரில் இன்று வெள்ளை அகில் என்று சொல்லப்படுவது வேம்பின் குடும்பத்து மரம். அசாமிலும் கீழை நாடுகளிலும் வளரும் அகில் வேறு. ஒரே பெயர் இரண்டு மரங்களைத் தாங்கியிருக்கிறது.

சமஸ்கிருதத்து அகரு, கிரேக்கத்து அகல்லோகன் எல்லாம் இச்சொல்லின் உறவினர்கள். போர்த்துகீசியர் இந்தக் கரையில் ‘அகில்’ என்று கேட்டதை ‘ஆகிலா’ என்று எழுத, அது அவர்கள் பக்கத்து மொழிகளில் கழுகைக் குறிக்கும் சொல்லாக ஒலித்தது. ஐரோப்பா அதற்குக் கழுகு மரம் என்றே பெயர் வைத்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் லமார்க் அந்த மரப் பேரினத்துக்குச் சூட்டிய ‘அக்விலேரியா’ என்ற பெயரிலும் லத்தீன் கழுகு உட்கார்ந்திருக்கிறது. அரபு ஊத்தில் நாம் ஊதுவதைக் கேட்டோம். தமிழ் அகிலில் அவர்கள் கழுகைக் கேட்டார்கள்.

இனி இசைக்கருவி. மரத்தைக் குறிக்கும் சொல் எப்படி வாத்தியத்துக்குப் பெயரானது? பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இது: பழைய நரம்புக் கருவிகளின் முகத்தில் தோல் போர்த்தியிருக்க, இதற்கு முகமும் மரப்பலகை, அதனால் மரம் என்றே பெயர். எக்கார்ட் நொய்பாவர் என்ற ஜெர்மானிய அறிஞர், நரம்பைக் குறிக்கும் பாரசீக ‘ரூத்’தை அரபியர் தம் சொல்லாக மாற்றிக்கொண்டிருக்கலாம் என்கிறார். எனக்கு முதல் விளக்கமே இயல்பாகப் படுகிறது. குழல், கொம்பு, சங்கு, தென் மாவட்டத்து வில்லுப்பாட்டின் வில், குடம் என்று நாமும் பொருளின் பெயரையே கருவிக்கு வைத்தவர்கள்தானே. ‘அல்’ என்ற அரபு அடைமொழியோடு சேர்ந்து அல்-ஊத் ஸ்பானியரிடம் லாவூத் ஆகி, பிரெஞ்சில் லூத், ஆங்கிலத்தில் லூட் ஆனது.

ஊத்தின் குடம் அகிலால் ஆனதல்ல. வால்நட் போன்ற கட்டைகளை மெல்லிய பட்டைகளாக அறுத்து, சூடுகாட்டி வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பேரிக்காயைப் பாதியாக வெட்டிய வடிவில் செய்கிறார்கள். கழுத்து குட்டை, வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. ஆகவே சுரங்களுக்கு இடையே விரல் வழுக்கிப் போகலாம். பெரும்பாலும் ஐந்து இரட்டை நரம்பும் ஒரு தனி மந்தர நரம்புமாகப் பதினொன்று. மீட்டும் கருவிக்கு ரீஷா, அதாவது இறகு என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்து ஸ்பெயினின் கொர்தோபாவுக்குப் போன இசைக்கலைஞர் ஸிர்யாப், மரத்துண்டுக்குப் பதில் கழுகின் இறகால் மீட்டியதாகவும் ஐந்தாவது நரம்பைச் சேர்த்ததாகவும் அரபு வரலாறுகள் சொல்கின்றன. தமிழ்ச் சொல்லைத் தவறாகக் கேட்டதால் மரத்தின் பெயரில் ஏறிய கழுகு, அந்த மரத்தின் பெயர் கொண்ட வாத்தியத்தை அதற்கும் முன்பே தொட்டிருக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் என்னை மகிழ்விக்கும் தற்செயல்.

ஸிர்யாபின் ஆசிரியர் என்று சொல்லப்படும் இசாக் அல்-மவ்ஸிலியின் பெயரில் மோசூல் நகரம் ஒட்டியிருக்கிறது. ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் கழித்து அதே மோசூலில் 1930-இல் ஊத் கலைஞர் முனீர் பஷீர் பிறந்தார். இசைக் குடும்பம், தந்தையும் ஊத் வாசித்தார், அண்ணன் ஜமீல் பெரும் வித்துவான். பாக்தாத் இசைக் கல்விக்கூடம் 1930-களின் நடுவில் தொடங்கியபோது, இஸ்தான்புலில் 1892-இல் பிறந்த ஷெரீஃப் முஹியித்தீன் அங்கே ஆசிரியராக வந்தார். செல்லோவிலும் வல்லவரான அவர், பாட்டுக்குத் துணையாகப் பின்னால் அமர்ந்திருந்த ஊத்தைத் தனி வாத்தியமாக வளர்த்தார். சிறுவன் முனீர் அவரிடம்தான் கற்றார்.

பின்னர் முனீர் பெய்ரூத்தில் வாழ்ந்தார். ஹங்கேரியின் புடாபெஸ்டில் இசை ஆய்வு செய்தார். 1971-இல் ஜெனீவாவில் தனியாக அமர்ந்து கச்சேரி செய்தார். அந்தத் தனிமைதான் அவருடைய பெரிய செயல். அரபு மரபில் தக்ஸீம் என்பது தாளம் இன்றி, எழுதிவைத்த மெட்டு இன்றி, ராகம் போன்ற ஒரு மகாமைக் கருவியில் விரித்துக்காட்டுவது. நம் ஆலாபனைக்கு இவ்வளவு நெருங்கிய உறவு வேறெங்கும் எனக்குத் தெரியாது. பாடகருக்கு முன்னால் சில நிமிடம் வரும் முகப்பாகவே பெரும்பாலும் அது இருந்தது. கீர்த்தனையும் தனியாவர்த்தனமும் இல்லாமல், ஒரே ராகத்தின் ஆலாபனைக்காக மட்டுமே ஒரு சபையை அமர வைப்பதை எண்ணிப் பாருங்கள். முனீர் அதைச் செய்தார். ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது முழுவதும் அடங்கும்வரை காத்திருப்பார். வேகம் காட்டிக் கைதட்டு வாங்க அவருக்குத் தெரியாமலில்லை. அதை அவர் விரும்பவில்லை. அவருக்கு முன்னும் வேகமாக வாசித்தவர்கள் இருந்தார்கள், அண்ணன் ஜமீல் உட்பட. மௌனத்தை ஊத்தின் இன்னொரு நரம்பாக்கியவர் முனீர்.

1997-இல் புடாபெஸ்டில் அவர் மறைந்தார். 2022-இல் யுனெஸ்கோ ஊத் செய்வதையும் வாசிப்பதையும் ஈரான், சிரியா நாடுகளின் பெயரில் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. முனீரின் மகன் ஓமர் பஷீரும் ஊத் கலைஞர். தந்தையும் மகனும் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவு கிடைக்கிறது. அதற்கு முன் முனீர் தனியாக வாசித்த ஒரு தக்ஸீமைக் கேளுங்கள். தோடியையோ காம்போதியையோ நிதானமாகக் கேட்டுப் பழகியவருக்கு அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.