திருவனந்தபுரம் – பம்பாய்: தொலைவும் வழியும்

திருவனந்தபுரத்துக்கும் மும்பைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் இதனைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது. 1935இல் இதே தொலைவின் பொருள் வேறாக இருந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை அன்று கொல்லத்தோடு நின்றது. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்தை எட்டிய மீட்டர்கேஜ் பாதையே 1918இல் திருவனந்தபுரம் வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆகவே, பம்பாய்க்கு முழுவதும் ரயிலிலேயே செல்ல விரும்பியவர் முதலில் கிழக்கே திரும்பி, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, தமிழகச் சமவெளியைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. மற்றவர்கள் சாலையிலோ காயல் படகிலோ கொச்சியை அடைந்து அங்கே ரயில் ஏறினர்.

கோதவர்ம ராஜாவின் முன்முயற்சியால் திருவனந்தபுரத்துக்கு விமானப் போக்குவரத்து வந்தது. 1935 அக்டோபர் இறுதியில், நெவில் வின்சென்ட் ஓட்டிய டாட்டா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம், மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைசிராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துடன் அங்கு வந்திறங்கியது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சல் பைகளுடன் பம்பாய்க்குப் புறப்பட்டது.

கோவா, கண்ணூர் ஆகிய இடங்களில் இறங்கிச் செல்லும் கடலோர வழி அது. ஒற்றை இயந்திரம் கொண்ட அச்சிறு விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வானில் மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆயினும் மலையைச் சுற்றாத நேர்வழி அது.

அந்நேர்வழியால் முதலில் பயன்பெற்றவை கடிதங்கள். மூன்று நான்கு பேரே அமரக்கூடிய அவ்விமானத்தில் எளியோருக்கு இடமில்லை. கொல்லம் – எறணாகுளம் இருப்புப்பாதை முழுமையடைந்தது 1958இல். கடிதம் பெற்ற நேர்வழியை எளிய பயணி பெற 23 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.