துக்கத்துக்குப் பத்துப் பேர்

நல்ல காரியத்துக்குப் போகாவிட்டாலும் துக்க காரியத்துக்குப் போகாமல் இருக்கலாகாது என்பது எங்கள் வாடிப்பட்டி வட்டாரத்தில் எழுதப்படாத சட்டம். சிறுமலை அடிவாரத்தில் தப்பொலி கேட்டதும், வயலில் நிற்பவன் மடையை அடைத்துவிட்டுத் தோளில் துண்டோடு புறப்படுவதும், பங்காளிகள் வரிசையாய் நீர்மாலை எடுக்கப் போவதும், பாடை தூக்க நாலு பேர் முன்வருவதும் தலைமுறை தலைமுறையாய் நாம் கண்டுவரும் காட்சிகள். அந்த நாலு பேர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற கலக்கம் நம் மண்ணில் அரிது. மேற்கு மலைக்கு அப்பால், கொச்சியில் வாழ்ந்த யூதர்களோ அதை நன்கு அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு நாலு பேர் போதாது. பத்துப் பேர் வேண்டும்.

யூத மரபில் தாயையோ தந்தையையோ இழந்த மகன் 11 மாதம் நாள்தோறும் 'கதீஷ்' என்னும் பிரார்த்தனையைச் சொல்லக் கடமைப்பட்டவன். அரமேய மொழியில் அமைந்த அந்தத் துதியில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறைவனின் நாமம் மகிமைப்படுக என்பதே அதன் சாரம். தீயோரின் ஆன்மா தண்டனையை அனுபவிக்கும் காலம் 12 மாதம் என்பது ஐதிகமாகையால், தன்னைப் பெற்றவரைத் தீயோர் வரிசையில் வைக்க மனமின்றி, மகன் ஒரு மாதம் முன்னதாகவே அதை நிறுத்திக்கொள்கிறான். ஆனால், இந்தத் துதியைத் தனியே நின்று சொல்ல இயலாது; 13 வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடிய 'மின்யான்' இருந்து, 'ஆமென்' என்று ஏற்றுரைத்தாலன்றிக் கடன் நிறைவேறாது.

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் பொறித்தளித்த செப்பேடு, கொச்சி யூதச் சமூகத்தின் தொன்மைக்குச் சான்று. மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தில், நம் கோயில்களைப் போலவே பாதரட்சையை வாசலில் கழற்றிவிட்டு, சீனத்திலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகளின்மேல் வெறுங்காலோடு நடந்து தொழுதார்கள்.

எனினும் அந்த ஆலயத்திலும் பேதம் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் என்று கருதப்பட்டவர்களை உள்ளே சமமாக அமரவிடாமல் நுழைவறைத் தரையில் இருத்தினார்கள். அந்த வகுப்பில் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம் (1882–1967), அவமதித்த சபையை உதறித் தனிச்சபை காணாமல், அதே ஆலயத்துக்குள் காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையில் போராடினார். உரிமைகள் ஒவ்வொன்றாய்க் கிட்டின. சபையின் குறையைச் சபைக்குள் நின்றே தீர்க்க முயன்ற அவருடைய பற்று போற்றுதற்குரியது.

1948-இல் இஸ்ரேல் பிறந்தபின், ஐம்பதுகளில் கொச்சி நாட்டு யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். எட்டு யூத ஆலயங்கள் இருந்த கேரளத்தில் அவை ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. மாளா என்னும் ஊரின் யூதர்கள் 1955-இல் தங்கள் ஆலயத்தையும் கல்லறை நிலத்தையும் பஞ்சாயத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். எஞ்சியிருந்தோருக்கு, வெளியூர் யாத்திரிகர் எவரேனும் வந்து சேர்ந்தால்தான் மின்யான் தேறும் என்ற காலமும் வந்தது.

இந்நிலையில் தந்தையை இழந்த ஒருவனின் உள்ளத்தை எண்ணிப் பார்க்கிறேன். பத்துப் பேர் நிச்சயமாய்க் கூடும் ஊருக்குப் போனால் அவன் கடன் குறைவின்றித் தீரும். ஆனால் அவன் போய்விட்டால் இங்கே ஒன்பது பேரே மிஞ்சுவர், அவர்களில் ஒருவனுடைய தாய்க்கான கதீஷ் தொண்டையிலேயே நின்றுவிடும். போனவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் போன இடத்தில் ஒரு சபையின் எண்ணிக்கையை நிறைத்தார்கள். ஆயினும், தன் துக்கத்துக்குப் பிறர் வரவேண்டுமென்றால் பிறர் துக்கத்துக்குத் தான் இருக்கவேண்டும் என்பதே அந்தப் பத்தின் பொருள் என்று நான் கருதுகிறேன். மடையை அடைத்துவிட்டு எங்கள் ஊர் விவசாயி நடந்து போவதும் அந்தப் பொருளை அறிந்தே.