பழைய பாக்கி, புதுப் பெயர்

பல கடன்களைத் திரட்டி ஒரே கடனாக்கி அடைப்பது வங்கிகள் இப்போது கண்டுபிடித்த உபாயம் அல்ல. 1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டது. நிலத்தை மேம்படுத்தவும் கடன் தந்த வங்கிதான் அது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் அது தந்த கடனில் பெரும்பகுதி பழைய கடன்களைத் தீர்ப்பதற்கே போனது. ஊர் லேவாதேவிக்காரரிடம் இருந்த புரோநோட்டுகளை மீட்டு, குறைந்த வட்டியில் பல ஆண்டுத் தவணையாக ஒரே இடத்தில் கட்டலாம். விவசாயிக்கு அது மெய்யான ஆறுதல்.

அந்தக் கதவைத் திறக்கும் சாவி நிலம். நிலமோ பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்தது. 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்தபோதும் விவசாய நிலம் அதற்கு வெளியிலேயே நின்றது.

அடுத்த ஆண்டு ராஜாஜி அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கியை அது தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. இவற்றைவிட நுட்பமான விதி இன்னொன்று. புரோநோட்டு மூன்றாண்டில் காலாவதியாகும். அதற்குள் நின்ற வட்டியை அசலோடு சேர்த்து, அதே கடன்காரருக்குப் புது நோட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம். எத்தனை முறை மாற்றி எழுதியிருந்தாலும் முதன்முதலில் கைக்கு வந்த பணமும், பிறகு மெய்யாகக் கொடுத்த தொகையும் மட்டுமே அசல் என்றது சட்டம். கடன்களைச் சேர்க்கும்போது வட்டி அசலாக வேடம் போடும் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதே சட்டத்தில் ஒரு பெண்ணும் வருகிறாள், கடன் கொடுத்தவளாக. வேறு சொத்தில்லாத பெண்ணுக்கு வரவேண்டிய, அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. கைப்பணத்தை வட்டிக்கு விட்டுப் பிழைத்த விதவையைச் சட்டம் கண்டுகொண்டது, நல்லதுதான். கடன் வாங்கிய பெண்ணை அது தனியாகப் பார்க்கவில்லை. நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவரே அதன் கணக்கில் விவசாயி. அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவளும் களை எடுத்தவளும் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. அவள் பட்ட கடனுக்கு நிவாரணமும் இல்லை.

பெண்ணின் கையெழுத்துக்கு வங்கியில் மதிப்பு வந்தது வெகுகாலம் கழித்து. 1989இல் தர்மபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடமானம் கேட்காத கடன் பெண்களுக்குக் கிடைத்தது. இதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பின்னால் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் தெருத்தெருவாக வந்தன. ஒருத்தியே நான்கைந்து குழுக்களில் உறுப்பினரானாள். 2010இல் ஆந்திரத்தில் இது பெரும் நெருக்கடியாக வெடித்தது. 2011இல் ரிசர்வ் வங்கி, ஒருவருக்கு இரண்டு நுண்கடன் நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக்கூடாது என்று விதித்தது. 2022இல் அந்த முறை மாறியது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்குமேல் தவணை போகக்கூடாது என்பது இப்போதைய விதி. வருமானத்தைக் கணக்கிடும்போது குடும்பம் முழுவதும் எண்ணப்படுகிறது. கையெழுத்திடும்போது அவள் மட்டும் நிற்கிறாள்.

வட்டி அசலாகும் பழைய வித்தையும் ஒழியவில்லை. தண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் கடனில் 1,500ஐப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அறுபதாம் நாள் அவசரத்துக்கு மறுபடி கேட்டால், புதிதாக 10,000 எழுதி, பழைய பாக்கி 4,000ஐயும் புது வட்டி 1,500ஐயும் கழித்துக்கொண்டு 4,500 கையில் கொடுப்பார்கள். 1938இன் கண்ணோடு பார்த்தால், வாங்கிய 8,500இல் 6,000 கட்டியாயிற்று. அசலில் மீதி 2,500. இப்போது வாங்கியதைச் சேர்த்தாலும் 7,000தான். அவளோ 10,000த்துக்குக் கடன்காரி.

கடன்களை ஒன்றாக்குவது தவறல்ல. வட்டி குறைந்தால், தவணை வருமானத்துக்குள் அடங்கினால், மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் ஒன்றாக்கும் நொடியில் கடன்களின் வரலாறு அழிந்துவிடுகிறது. கணவனின் கந்துவட்டி, மாமனாரின் மருத்துவச் செலவு, மகனின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அவள் பெயரிலுள்ள ஒரே குழுக் கடனாகின்றன. தவணை தவறினால் வசூலுக்கு வருபவர் அவளைத்தான் கூப்பிடுகிறார். குழுவிலுள்ள மற்ற பெண்களும் அவளைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே புதுக் கடனில் கையெழுத்திடுமுன் ஒரு தாளில் மூன்று பத்தி எழுதிவைக்கலாம்: ஒவ்வொரு பழைய கடனிலும் கைக்கு வந்த பணம் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, அது யாருக்காகச் செலவானது. முதல் இரண்டும் கடன் கொடுத்தவரிடம் பேச. மூன்றாவது, வீட்டில் பேச.