கண்ணுக்குத் தெரியாத பொருளை ஒளி காட்டிக்கொடுத்த கதை

1919ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி லண்டனில் ரோயல் சொசைட்டியும் ரோயல் வானியல் சங்கமும் இணைந்து நடத்திய கூட்டத்தில் ஓர் எண் அறிவிக்கப்பட்டது. சூரியனை உரசினாற்போல் கடந்து வரும் விண்மீனின் ஒளி நேர்கோட்டில் வருவதில்லை; சற்று வளைந்தே வருகிறது. எவ்வளவு வளைவு என்பதுதான் அந்த எண். நான்கு நாட்களின் பின்னர் 'நியூயோர்க் ரைம்ஸ்' இதனைப் பெருந்தலைப்பிட்டு வெளியிட்டது. இச்செய்தியைத் திரட்டும் பொறுப்பு அப்பத்திரிகையின் சார்பில் ஹென்றி குரோச் என்பவரிடம் விடப்பட்டிருந்தது. அவர் கைதேர்ந்தவராக இருந்தது கோல்ஃப் விளையாட்டுச் செய்திகளில்! பத்திரிகை அலுவலகங்களில் ஆள் இல்லாத வேளையில் நடப்பது உலகெங்கும் ஒன்றுதான் போலும்.

ஒளியின் வழியை ஈர்ப்பு மாற்றும் என்பது ஐன்ஸ்டைன் புதிதாகக் கண்டுபிடித்த எண்ணமன்று. ஒளி நுண்துகள்களால் ஆனது என்ற நியூட்டனின் கொள்கையை வைத்துக்கொண்டு ஜேர்மனியரான சொல்ட்னர் 1801இலேயே கணக்கிட்டிருந்தார். அவர் கண்ட விடை 0.84 வில்செக்கன். ஒரு பாகையை 3600 கூறுகளாக்கினால் அதில் ஒன்று ஒரு வில்செக்கன் ஆகும். 1911இல் ஐன்ஸ்டைனும், சொல்ட்னரின் கணக்கை அறியாமலே, ஏறத்தாழ அதே விடைக்கு வந்து சேர்ந்தார்.

இதனைச் சரிபார்க்கப் பூரண சூரிய கிரகணம் வேண்டும். அப்போதுதான் சூரியனுக்கு அருகேயுள்ள விண்மீன்களைப் படம்பிடிக்க இயலும். 1914 ஓகஸ்ட் 21இன் கிரகணத்திற்காக எர்வின் ஃபுறொயின்ட்லிச் என்ற இளம் வானியலாளர் பேர்லினிலிருந்து கிரைமியாவுக்குப் புறப்பட்டார். அம்மாத முதலாந் திகதியே ஜேர்மனி ரஷ்யாவின் மீது போர் தொடுத்தது. எதிரி நாட்டவர் என்று அவர் தடுத்து வைக்கப்பட்டார், கருவிகள் பறிமுதலாயின. பின்னர் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். அவருக்கு அது பேரிழப்பு. ஐன்ஸ்டைனுக்கோ பெரும் நல்வாய்ப்பு. ஏனெனில் 1915 நவம்பரில் பொதுச் சார்புக் கோட்பாட்டை நிறைவுசெய்தபோது, வெளியே வளைந்திருப்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும் என்பதை அவர் கண்டார். விடை இருமடங்காகி ஏறத்தாழ 1.75 வில்செக்கன் ஆயிற்று. 2 சென்ரிமீற்றர் அகலமான நாணயம் ஒன்று 2.3 கிலோமீற்றர் தொலைவிலிருந்து எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அவ்வளவுதான் இந்தக் கோணம். கிரைமியாவில் வானம் திறந்து படங்களும் கிடைத்திருந்தால், ஐன்ஸ்டைனின் அன்றைய எண் பிழை என்றே உலகம் அறிந்திருக்கும்.

1919 மே 29 கிரகணத்திற்காக இரண்டு பிரித்தானியக் குழுக்கள் புறப்பட்டன. ஆபிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிப்பித் தீவுக்கு ஆர்தர் எடிங்டனின் குழு. பிரேசிலின் சோபிறாலுக்கு மற்றையது. எடிங்டன் குவேக்கர் சமயத்தவர். போர்ச் சேவையை மறுத்தவர். கிரகணப் பணியைக் காரணங்காட்டியே அவரைச் சிறைக்குப் போகாமற் காப்பாற்றினார் அரச வானியலாளர் டைசன்.

பிரின்சிப்பியில் காலையிலேயே மழை. எடுத்த 16 தட்டுகளில் பயன்பட்டவை இரண்டே. அவை தந்த அளவு 1.61. சோபிறாலில் சிறிய தொலைநோக்கி 1.98 என்றது. அங்கிருந்த பெரிய கருவியின் படங்கள் வெப்பத்தாற் குவியங் கலைந்திருந்தன. அவை தந்த 0.93 என்ற விடையை ஒதுக்கிவிட்டனர். எடிங்டன் தாம் விரும்பிய விடையைத் தெரிந்தெடுத்தார் என்ற குற்றச்சாட்டு இதிலிருந்தே பிறந்தது. அது நியாயமன்று என்பதே என் கணிப்பு. ஒதுக்கப்பட்ட அத்தட்டுகளை 1979இல் கிறீனிச் ஆய்வகம் புதிய கருவியால் மீள அளந்தபோது, அவையும் ஐன்ஸ்டைனின் எண்ணையே நெருங்கி நின்றன.

1922 செப்ரெம்பரில் மேற்கு அவுஸ்திரேலியாவின் வல்லாலில் அமெரிக்கரான கம்பெல் குழுவினர் ஐயத்திற்கு இடமின்றி அளந்து முடித்தனர். நமது கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர் எவர்ஷெட்டும் அங்கு சென்றிருந்தார். கருவிக் கோளாறால் அவருக்குப் பலன் கிட்டவில்லை.

இனி 1936க்கு வருவோம். றூடி மன்ட்ல் என்ற செக் நாட்டுப் பொறியியலாளர் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனைச் சந்தித்து, ஒரு விண்மீன் தனக்குப் பின்னாலுள்ள மற்றொன்றின் ஒளியைக் கண்ணாடி வில்லைபோற் குவிக்குமல்லவா என்று கேட்டார். எழுதி வெளியிடுமாறு விடாது வற்புறுத்தினார். ஐன்ஸ்டைன் இரண்டு பக்கக் குறிப்பொன்றை 'சயன்ஸ்' இதழுக்கு அனுப்பி வைத்தார். இதனை நேரிற் காணும் வாய்ப்பு இல்லை என்பது அவரது முடிவு. இக்குறிப்பு பெரிய பெறுமதி உடையதன்று, அந்த மனிதர் மகிழட்டும் என்ற கருத்துப்படப் பத்திராதிபருக்குக் கடிதமும் எழுதினார்.

அதைப் படித்த ஒருவர் அவ்வாறு நினைக்கவில்லை. கலிபோர்னியாவிலிருந்த சுவிஸ் நாட்டவரான பிறிற்ஸ் சுவிக்கி, யாருடனும் ஒத்துப்போகாத முரட்டு மனிதர். 1933இல் கோமா விண்மீன் மண்டலக் கொத்தை ஆராய்ந்த அவர், அதிலுள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்திற்கு அக்கொத்து சிதறிப் போயிருக்க வேண்டும் எனக் கண்டார். ஒளிராத ஏதோ ஒரு பொருள் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது என்று கூறி, அதற்குக் கரும்பொருள் என்று பெயரும் சூட்டினார். அவர் சொன்ன அளவு மிகை என்பது பின்னர் தெளிவாயிற்று. எனினும் கருத்து பொய்க்கவில்லை. 1937இல் இரண்டு எண்ணங்களையும் அவர் பிணைத்தார்: தனி விண்மீன்களை விடுங்கள், முழு விண்மீன் மண்டலமே வில்லையாகும், அவ்வில்லையின் வலுவைக் கொண்டு அதிலுள்ள மொத்தப் பொருளையும், ஒளிர்வதும் ஒளிராததும் சேர்த்து, நிறுத்துவிடலாம்!

இங்கே பொதுவாக நிலவும் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். கரும்பொருள் என்றதும் கரித்தூள்போல் ஒளியை மறைக்கும் ஒன்றைப் பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது ஒளியை விழுங்குவதுமில்லை, தெறிக்கச் செய்வதுமில்லை, கண்ணாடியைவிடத் தெளிவானது. ஆனால் நிறை உண்டு. நிறை இருந்தால் வெளி வளையும். வெளி வளைந்தால் ஒளியின் பாதையும் வளையும். ஒளிக்கு அது செய்வது இவ்வளவே.

சுவிக்கியின் சொல் நிறைவேற 42 ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் 1970இல் வேரா றூபினும் கென்ற் போர்ட்டும் அன்றமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்டனர். அவ்வழியே தொடர்ந்த ஆய்வுகள் கரும்பொருளை மறுபடி பேச வைத்தன. 1979 மார்ச்சில் அரிசோனாவின் கிற் பீக் ஆய்வகத்தில் டெனிஸ் வோல்ஷும் அவரது தோழர்களும், 6 வில்செக்கன் இடைவெளியில் நின்ற இரண்டு குவாசர்களின் நிறமாலைகள் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்திருப்பதைக் கண்டனர். குவாசர் ஒன்றேதான், இடையிலுள்ள மண்டலம் அதனை இரண்டாகக் காட்டியது. ஒரு படத்தின் ஒளி மற்றையதைவிட 417 நாட்கள் பிந்தி வருகிறது என்பது நீண்ட சர்ச்சையின் பின்னர் தொண்ணூறுகளில் உறுதியாயிற்று. தொடர்ந்து, ஏபெல் 370 போன்ற கொத்துகளின் அருகே காணப்பட்ட ஒளி விற்கள், பின்னாலுள்ள மண்டலங்களின் இழுபட்ட உருவங்களே என்பது தெரியவந்தது.

ஈர்ப்பைப் பற்றிய நமது விதியே பிழையாக இருக்கலாமே, கரும்பொருள் எதற்கு என்ற வினா எஞ்சியிருந்தது. 2006இல் அதற்கு வலுவான விடையொன்று கிடைத்தது. 'புல்லட்' கொத்து என அழைக்கப்படுவது, ஒன்றோடொன்று மோதி ஊடுருவிச் சென்ற இரண்டு கொத்துகள். சாதாரணப் பொருளில் பெரும்பகுதி வெப்ப வாயு. அது மோதலில் வேகங் குறைந்து நடுவே தங்கிவிட்டது. பின்னணி ஒளியின் வளைவை அளந்தால், நிறையின் பெரும்பகுதி வாயுவில் இல்லை. இரு புறமும் முன்னே போய்விட்டிருக்கிறது! வாயுவைப் படம்பிடித்தது 1999இல் ஏவப்பட்ட 'சந்திரா' எக்ஸ் கதிர் ஆய்வகம். சென்னையிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது அது. 1935 ஜனவரியில் அந்த இளைஞரின் கணக்கை லண்டன் சபையில் எள்ளி நகையாடியவர், ஒளியின் வளைவை அளந்த அதே எடிங்டன்.

மாற்று ஈர்ப்பு விதியை நம்புவோர் இன்றும் உள்ளனர். அவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிரபஞ்சத்தின் ஏறத்தாழ 27 வீதம் கரும்பொருள் என்று கணக்கிடப்படும்போதிலும், பூமிக்கடியிலுள்ள எந்தக் கருவியிலும் அதன் ஒரு துகள்கூட உறுதியாக அகப்படவில்லை. 2023 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் 'யூக்ளிட்' தொலைநோக்கியின் பணி, கோடிக்கணக்கான மண்டலங்களின் உருவங்கள் சிறிதளவு இழுபட்டிருப்பதை அளந்து கரும்பொருளுக்கு வரைபடம் வரைவது. 59 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 6505 என்ற மண்டலத்தைச் சுற்றி அது கண்ட முழு ஒளி வளையத்தின் படம் 2025 பெப்ரவரியில் வெளியாயிற்று. அந்த மண்டலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வானியலாளர் அறிந்தது. வளையத்தை மட்டும் அதுவரை ஒருவரும் கண்டிருக்கவில்லை.