மேப்பிங் அணுகல் கட்டுப்பாடு

பல கம்பனிகளின் கணக்குகளை ஒன்றிணைக்கும் மென்பொருளில், எந்தப் பேரேட்டுக் கணக்கு எந்தக் குழுமக் கணக்கில் சேரவேண்டும் என்ற விதியே மேப்பிங். அதை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் அங்கீகரிக்கலாம் என்று வரையறுப்பது மேப்பிங் அணுகல் கட்டுப்பாடு.

இலங்கையின் அரச அலுவலகங்களில் கணக்குகளை இப்படிப் பொருத்தவேண்டிய சிக்கல் பெரிதாக எழுவதில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் அம்பாறை மாவட்டச் செயலகம் 270ஆம் தலைப்பு. சம்பளத்துக்கு 1001, எழுதுபொருளுக்கு 1201 என்ற இலக்கங்கள் பொத்துவிலிலும் கல்முனையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றே. அவற்றை வகுப்பது திறைசேரி. ஒரு விடயத்துக்கு ஒதுக்கிய நிதியை இன்னொன்றுக்கு மாற்றுவதற்கே நிதிப் பிரமாணம் 66இன் கீழ் அனுமதி பெறவேண்டும்.

தனியார் குழுமங்களில் நிலைமை வேறு. கொழும்பிலுள்ள தாய்க் கம்பனிக்கு ஒரு கணக்கு அட்டவணை, அறுகம்பேயில் அது வாங்கிய விடுதிக்கு இன்னொன்று. அலைச்சறுக்குப் பலகை திருத்திய செலவு விடுதியின் பேரேட்டில் 6140 என்று வைத்துக்கொள்வோம். அது குழுமத்தின் பராமரிப்புச் செலவில் சேரவேண்டியது. மேப்பிங்கில் அந்த ஒரு வரியை உபகரணங்கள் என்ற சொத்துக் கணக்குக்குத் திருப்பிவிட்டால் குழுமத்தின் செலவு குறையும், இலாபம் கூடும். விடுதியின் பேரேட்டில் ஒரு சதமும் மாறியிராது. வவுச்சர்களை மட்டும் புரட்டும் கணக்காய்வாளரின் கண்ணில் எதுவும் படாது. வவுச்சரில் கையெழுத்திடும் உரிமையைவிட மேப்பிங்கை மாற்றும் உரிமையை இறுக்கமாகக் காக்கவேண்டியது இதனால்தான். அமெரிக்காவின் வேர்ல்ட்கொம் நிறுவனம், செலவைச் சொத்தாகக் காட்டிய 380 கோடி டொலர் மோசடி 2002 ஜூனில் வெளிவந்து, அடுத்த மாதமே வங்குரோத்தானது. அங்கே கணக்குப் பதிவுகளைக் கொண்டு செய்தார்கள். மேப்பிங்கில் அதையே ஒரு வரியில் செய்துவிடலாம்.

ஒரக்கிளின் ஹைப்பீரியன் குடும்ப மென்பொருளில் ஒவ்வொரு துணைக் கம்பனியையும் ஒரு லொகேஷனாக அமைத்து, பயனரை அவரவர் லொகேஷனுக்குள் மட்டும் அனுமதிக்கலாம். முடிந்த மாதத்தைப் பூட்டலாம். பல விடுதிகள் ஒரே மேப்பிங்கைப் பகிர்ந்தால், ஓரிடத்து மாற்றம் அத்தனையையும் தொடும். அந்த உரிமை தலைமையகத்தில் இருப்பதே முறை. 6இல் தொடங்கும் எல்லாக் கணக்குகளும் என்பது போன்ற பொதுவிதிகளில் தனிக் கவனம் வேண்டும். நாளை திறக்கும் புதிய கணக்கும் கேள்வியின்றி அதற்குள் போய்விடும்.

அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், சான்றுப்படுத்தல், கொடுப்பனவு ஆகியவற்றை வெவ்வேறு அலுவலரிடம் பகிரும் நிதிப் பிரமாணம் 135இன் ஒழுங்கு இங்கும் பொருந்தும். ஒரே கணக்காளர் உள்ள சிறு விடுதியில் மேப்பிங்கை அவர் எழுதலாம். அங்கீகாரம் கொழும்பிலிருந்து வரவேண்டும். கணக்காய்வாளர்கள் வவுச்சர் கோப்புக்கு முன்னர் மேப்பிங் மாற்றப் பதிவேட்டைக் கேட்டு வாங்கவேண்டும்.