வண்டி மிஸ்ஸிங் அடிக்குது: பாயிண்ட் காலத்திலிருந்து கோடு காலம் வரை

"வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்றால் தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக்குக்கும் புரியும். நான்கு சிலிண்டரில் ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிடுகிறது. என்ஜின் நடுங்கும், இழுவை குறையும், சைலன்சரில் தாளம் தப்பும். எந்த சிலிண்டர், ஏன் என்று கண்டுபிடிக்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதியை எண்ணூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று நம் பக்கத்து ஊர்களை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் எண்ணூர். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் (இன்றைய அசோக் லேலண்ட்) முதலில் செய்தது லாரி அல்ல, கார். 1949-இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களை இங்கே பூட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கால கார்கள் பெரும்பாலானவற்றில் இருந்தது அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இக்னிஷன் முறை. 1910-இல் கேடிலாக் கார்களில் வந்த அது, அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் உலகத்தையே ஆண்டது. பேட்டரி மின்சாரம் காயிலுக்குப் போகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சி.பி. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கும். சுழலும் ரோட்டர் அதை 1-3-4-2 வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் பாயிண்ட் நிமிடத்துக்கு 6000 தடவை, அதாவது விநாடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். தேயாமல் என்ன செய்யும்? உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்ப்பது அன்றைய மெக்கானிக்கின் அன்றாட வேலை.

மிஸ்ஸிங் பார்க்கும் சோதனை எளிமையானது. வண்டியை ஐடிலில் விட்டு ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றுவார்கள். கழற்றியதும் என்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் அதுவரை வேலை செய்திருக்கிறது. கழற்றியும் சத்தம் மாறவில்லையென்றால் அதுதான் குற்றவாளி. பிறகு அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுவார்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்கில் கோளாறு, போகாவிட்டால் வேறெங்கோ. கழற்றிய பிளக்கின் நிறமும் பேசும்: கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார். நாங்கள் சாஃப்ட்வேரில் பக் தேடுவதும் இப்படித்தான்.

இரண்டாவது கட்டம் திருவள்ளூர். 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் தொழிற்சாலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதே கம்பெனியின் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. லான்சரின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து தெளிப்பது ஒரு கணினி.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் சட்டமும் இருந்தது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. புகையில் இருக்கும் நச்சை மாற்றும் அந்தப் பெட்டிக்கு ஈயமில்லாத பெட்ரோல் வேண்டும், சரியான கலவையும் வேண்டும். மிஸ்ஸிங் அதற்குப் பரம விரோதி. எரியாத பெட்ரோல் நேராகப் பெட்டிக்குள் போய் அங்கே எரியும்; உள்ளிருக்கும் தேன்கூடு உருகிவிடும். அதனால் பழைய வயர் கழற்றும் சோதனையே ஆபத்தாகிப்போனது. ஊசிபோலத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றினால் தீப்பொறியும் வீணாகாது, பெட்ரோலும் பெட்டிக்குப் போகாது. கழற்றும் இடம் மாறியது, தர்க்கம் மாறவில்லை.

மூன்றாவது கட்டத்தில் அந்தச் சோதனையைக் கணினியே செய்ய ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி.-2 கட்டாயம். இந்தியாவில் ஓ.பி.டி.-1 2010 ஏப்ரலிலும், ஓ.பி.டி.-2 2013 ஏப்ரலிலும் வந்தன. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் கவனிக்கிறது. அதே 3000 சுற்றில் பத்து மில்லி விநாடிக்கு ஒரு சிலிண்டர் எரிந்து கிராங்கைத் தள்ள வேண்டும். ஒன்று எரியவில்லையென்றால் அந்த நேரத்தில் பற்கள் துளி தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை எண்ணித்தான் பி0301 முதல் பி0304 வரை கோடு எழுதுகிறது. எல்லா சிலிண்டரிலும் மாறிமாறி வந்தால் பி0300. மெக்கானிக் காதால் கேட்டதும் இதே வேகக் குறைவைத்தான்.

இங்கேதான் சிக்கல். கோடு எந்த சிலிண்டர் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஜி.என்.டி. சாலையோர ஷெட் ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். எல்.பி.ஜி. கிட் போட்ட பத்து வயது கார், கோடு பி0302. சொந்தக்காரர் வேறிடத்தில் நான்கு பிளக்கும் ஒரு காயிலும் ஏற்கனவே மாற்றிவிட்டார். மிஸ்ஸிங் போகவில்லை.

"அண்ணே, ஸ்கேனர்தான் ரெண்டாவது சிலிண்டர்னு சொல்லுதே, அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

"அது எந்த வீட்ல கரண்ட் இல்லன்னு சொல்லும் சார். ஃபியூஸ் போச்சா, வயர் போச்சா, பில்லு கட்டலையான்னு நாமதான் பாக்கணும்."

காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றினார். கோடு இரண்டிலேயே நின்றது. பெட்ரோலில் ஓட்டினாலும் கேஸில் ஓட்டினாலும் மிஸ்ஸிங் ஒன்றுதான். கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். காலையில் குளிர்ந்த என்ஜினில் சரியாக இருந்த அழுத்தம் சூடானதும் இறங்கியது. கேஸில் ஓடும் என்ஜினில் வால்வ் சீட் சீக்கிரம் தேய்ந்து, வால்வ் மேலேறி, டேப்பட் இடைவெளி இல்லாமல் போய்விடும். சூட்டில் உலோகம் விரிந்ததும் வால்வ் முழுதாக மூடாது. பாயிண்ட் காலத்து அதே ஃபீலர் கேஜை எடுத்து, இடைவெளி வைத்தார். புது பாகம் ஒன்றுகூட வாங்கவில்லை.

இதை நான் வெறும் பழம்பெருமையாகப் பார்க்கவில்லை. 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5000 ஆனது. இதோடு மிஸ்ஸிங்குக்காக வரிசையாக பாகங்கள் மாற்றிய பில்லும் சேர்ந்தால், நல்ல வண்டியையும் காயலான் கடைக்குத் தள்ளிவிட மனசு வந்துவிடும். திருவள்ளூர் ஆலையில் லான்சருக்குப் பிறகு இசுசு வண்டிகள் பூட்டப்பட்டன, இப்போது சிட்ரோயன் கார்கள் வருகின்றன. ஆலைக்குக் கைமாற்றம் சுலபம். அங்கே பிறந்த பழைய கார்கள் ஓடுவதும் நிற்பதும் சாலையோர ஷெட்டில் இருப்பவர்களின் அறிவை நம்பித்தான்.

உங்கள் வண்டி மிஸ் ஆனால் பாகம் வாங்கும் முன் எப்போது மிஸ் ஆகிறது என்று குறித்துவையுங்கள். குளிரிலா, சூடான பிறகா? மழையிலா, ஏற்றத்திலா? புகைச் சான்றிதழையும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்று சந்தேகப்படலாம். அந்தக் குறிப்போடு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதியைச் செய்ய, கோடைப் படித்த பிறகும் யோசிக்கிற ஒருவர் வேண்டும்.